செக்யூரிட்டி வேலையின் முதல் நாள்

பிலோமினா: ஹார்பர் கேட்ல நிக்கிற வேலைக்குத் தலமுடி நனையுமா?

கிளாட்வின்: வேர்வை... வெயிலு அப்பிடி.

பிலோமினா: சட்டை காஞ்சிருக்கு. தலைக்கு மட்டும் வேர்த்துச்சோ?

கிளாட்வின்: ஏளா, வந்ததும் வராததுமா... சோத்தப் போடு.

பிலோமினா: இங்கன திரும்புங்க. காதுல வச்ச பஞ்சு செவந்திருக்கு.

கிளாட்வின்: என்னது?

பிலோமினா: போச்சா? நல்லா இருந்த காதும் போச்சா?

கிளாட்வின்: கேக்கு... கொஞ்சம் இரைச்சலா இருக்கு, அவ்வளவுதான்.

பிலோமினா: முங்கிட்டு வந்திருக்கீய.

கிளாட்வின்: ரொம்ப ஆழமில்ல, பிலோமி.

பிலோமினா: இன்னொரு தடவ ஆழத்துக்குப் போனா மிச்சக் காதும் இருக்காதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? இருவது வருசம் சங்கு குளிச்சது போதும்னு நீங்கதான சொன்னீய? தேவமணி அண்ணன் எத்தன பேருகிட்ட கெஞ்சி இந்த செக்யூரிட்டி வேலைய வாங்கிக் குடுத்தாரு...

கிளாட்வின்: யூனிபார்ம் போட்டுத்தான் போனேன். கேட்ல நிக்கைல ஒரு பொம்பள வந்து கையப் புடிச்சிருச்சு. ஓட்டப்பிடாரத்துக்காரி. மகன் நேத்து கூட்டாளிகளோட கடல்ல குளிக்க வந்தவன்... போட்டெல்லாம் தேடியும் கெடைக்கல.

பிலோமினா: முங்கித் தேட வேற குளியாளே இல்லியா ஊருல?

கிளாட்வின்: இருக்கான். இந்த மாசத்து நீரோட்டம் ஆள எந்தப் பாறைக்குக் கொண்டு போவும்னு எனக்குத்தான தெரியும்.

பிலோமினா: கெடைச்சானா?

கிளாட்வின்: மூணாவது முங்குல. கல்லு இடுக்குல ஒருச்சாஞ்சு கெடந்தான்... உறங்குத மாதிரி.

பிலோமினா: அந்தம்மா?

கிளாட்வின்: அழல. மூஞ்சில ஒட்டியிருந்த மண்ணத் தொடச்சு விட்டுச்சு. "என் பிள்ளைதான்"னுச்சு. அவ்வளவுதான்.

பிலோமினா: உக்காருங்க. சோறு போடுதேன்.

கிளாட்வின்: சங்கு எடுத்தது வயித்துக்கு, பிலோமி. கரையில போட்டா அதோட சரி. இதுக்குத்தான் மாதா எனக்கு மூச்சக் குடுத்திருக்கான்னு இன்னைக்குத் தோணிச்சு.

பிலோமினா: வேலை?

கிளாட்வின்: இனி வரவேண்டாம்னுட்டாவ. திட்டு, கேட்டுக்கிடுதேன். ஒண்ணுதான் வெளங்கல... செல்போன வீட்ல வச்சுட்டுல்லா போனேன். நான் அந்தக் கேட்ல நிப்பேன்னு அந்தம்மாவுக்கு யாரு சொன்னா?

பிலோமினா: நீங்க போனதும் இங்க வந்தா. அவரு இப்ப முங்குறதில்லன்னு ரெண்டு தடவ சொல்லி அனுப்புனேன். படியிலயே உக்காந்துட்டா... கடல்ல போன என் தம்பி கெடைக்காம வெறும் பெட்டியத்தான பொதைச்சோம்? எங்கம்மா இன்னும் செத்தவங்க பூசைக்கு அவன் பேரக் குடுக்க விட மாட்டா. காது போனாலும் போவட்டும்னு... நாந்தான் ஆட்டோ புடிச்சு அனுப்புனேன்.