தொட்டிக்குள் கேட்ட குரல்

மழை பெய்தால் எங்கள் ஊர் ரோமானியத் தெருவில் கல் வழுக்கும், ஐயா. இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுவது என் வேலை; அன்றைக்கும் வந்தவர்களை ஓரமாக நடக்கச் சொன்னேன். யாரும் விழுந்து அடிபடுவது எனக்குப் பிடிக்காது.

மெஸியான் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அல்ஜியர்ஸிலிருந்து வந்த அதிகாரி என்றாலும் பந்தா இல்லாதவன். வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் பலகாரம் வாங்கி வருவான். எங்கள் அருங்காட்சியகச் சுவரில் பொடிக்கல் பதித்த கடல்தேவி இருக்கிறாளே, அவளைப் பெயர்த்துத் தலைநகருக்கு எடுத்துப்போகத்தான் வந்திருந்தான்.

"அங்க ஆயிரம் பேர் பார்ப்பாங்க, ஜூலிகா அக்கா. இங்க யாரு வர்றா? ஆடுதான் வருது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கல்யாணமே வேண்டாமென்று நான் முடிவெடுத்ததை முதலில் சொன்னது அந்தக் கடல்தேவியிடம்தான். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

ரோமானியக் குளியல்கூடத்துக்கு அடியில் பழைய தண்ணீர்த் தொட்டி உண்டு. படம் எடுக்க அவனாகவே இறங்கினான். மழை வலுத்தது. கனமான இரும்பு மூடியை இழுத்துச் சாத்தினேன். யாராவது தவறி விழுந்துவிடக் கூடாது அல்லவா?

அப்போது கான்ஸ்டன்டைன் நகரிலிருந்து சில ஆசிரியைகள் வந்தார்கள். எப்போதும் போல் குளியல்கூடத்தைச் சுற்றிக் காட்டினேன். காலடியில் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, மூடி நகர மாட்டேங்குது. திறங்க. தண்ணி ஏறுது."

மழை இரைச்சலில் வார்த்தைகள் எனக்கு மட்டும்தான் புரிந்தன. ஓர் ஆசிரியை நின்றாள். "யாரோ கூப்பிடுற மாதிரி இல்ல?"

"அந்தக் காலத்து வாய்க்கால், மேடம். மழைன்னா இப்படித்தான் புலம்பும்."

"பேய் மாதிரில்ல கத்துது" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, வெந்நீர் அறை எப்படிச் சூடானது என்று விளக்கினேன்.

பிறகு அருங்காட்சியகம். கடல்தேவி முன்னால் வெகுநேரம் நின்றார்கள். ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. மெஸியான் அதைப் பார்த்திருக்கலாம் என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தேன். சத்தம் நின்றிருந்தது.

மூடியின் தாழ்ப்பாளைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? போட்டது நான்தான். மூடும்போது இல்லை. அவன் கூப்பிட்ட பிறகு, ஆசிரியைகள் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தபோது, காலால் தள்ளிவிட்டேன்.

ஆனால் ஆளைக் கொன்றது தண்ணீர். இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடாதீர்கள், ஐயா.