பச்சையாகிவிட்ட சம்மதம்

– லேப்டாப்பை மூடாதே அண்ணா. நேத்து குடும்ப குரூப்ல ஒரு பிளான் அனுப்பினியே, அதைத் திற.

– உனக்கு அதுல என்ன புரியும் குட்டி? ஆபீஸ்ல கட்டடம் கட்டறதுக்கு வச்சிருக்கிற சாஃப்ட்வேர் அது. நம்ம தம்பி சின்னவன் ஆபரேஷனுக்கும் அதுலயே போட்டேன். டாக்டர் ஒண்ணு சொல்றார், டயாலிசிஸ் நர்ஸ் ஒண்ணு சொல்றாங்க, மண்டை காய்ஞ்சு போச்சு. இப்ப பாரு, எல்லாம் வரிசையா நிக்குது.

– மருந்துக்கடையில சீட்டு படிச்சே காலம் போகுது, இதைப் படிக்கத் தெரியாதா? இந்த நீளக் கோடெல்லாம் என்ன?

– ஒவ்வொண்ணும் ஒரு வேலை. எத்தனை நாள் பிடிக்குமோ அத்தனை நீளம். இது ஸ்கேன் எடுக்கிறது. இது ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கிற ஆஸ்பத்திரி கமிட்டி. இது ஆபரேஷன் முடிஞ்சு அவனைத் தனியா வச்சுப் பார்த்துக்கிறது.

– நடுவுல வைரம் மாதிரி சின்னதா இருக்கே?

– அது மைல்ஸ்டோன். வேலை இல்ல, ஒரு கட்டம் தாண்டியாச்சுங்கிறதுக்கு அடையாளம். அதுக்குன்னு நாள் ஒதுக்க மாட்டோம், சைபர்னு போட்டுடுவோம்.

– அதைத் தள்ளி வச்சா?

– பாரு, அதுக்குப் பின்னாடி இருக்கிறதெல்லாம் அதுவாவே தள்ளிப் போயிடும். எல்லாத்தையும் அதுலதான் கட்டியிருக்கேன்.

– பக்கத்துல எழுதியிருக்கிறதைப் படி.

– குட்டி...

– படி அண்ணா.

– ‘தங்கச்சி கிட்னி தர சம்மதம்.’

– பச்சை வேற அடிச்சிருக்கு. பச்சைன்னா?

– முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

– எப்ப முடிஞ்சுது? என்னை யார் கேட்டா?

– கேட்கணும்னுதான் இருந்தேன். எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எனக்குச் சர்க்கரை இருக்கு, என்னோடது ஆகாதுன்னுட்டாங்க. அம்மா அப்பாவும் இல்ல. மிச்சம் நீ ஒருத்திதானே.

– மிச்சமா நான்?

– வாய் தவறிடுச்சு, விடு.

– கேட்காம எப்படி அண்ணா பச்சையாக்கின?

– அது முடியலைன்னா பின்னாடி எல்லாம் சிவப்பாயிடும். முதல்ல அப்படித்தான் விட்டு வச்சிருந்தேன். ஆபரேஷன் சிவப்பு. அவன் வீட்டுக்கு வர்ற நாளும் சிவப்பு. பார்க்க முடியல குட்டி. பயந்துட்டேன். கை தானா போய் டிக் அடிச்சிடுச்சு.

– ‘உங்க அண்ணன் உன்னை அறுக்க நாள் குறிச்சிட்டார், எனக்கு ஒரு வார்த்தை இல்லை’ன்னு என் வீட்டுக்காரர் காலையிலருந்து முகம் கொடுத்துப் பேசல.

– மாப்பிள்ளை கால்ல வேணும்னா விழறேன்.

– அவர் கால் எதுக்கு? வயிறு என்னோடது.

– சரி, தப்புதான். இந்தா, பச்சையை எடுத்துட்டேன். இப்பக் கேட்கிறேன். உனக்குச் சின்னப் பொண்ணு இருக்கா, நாள் பூரா நின்னு வேலை பார்க்கிற, எல்லாம் தெரிஞ்சேதான் கேட்கிறேன். சின்னவனுக்கு ஒரு கிட்னி தருவியா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. நான் மனசுல வச்சுக்க மாட்டேன்.

– தரேன்னு போன வாரமே அவன்கிட்ட சொல்லிட்டேன்.

– என்னது? அவன் எங்கிட்ட மூச்சே விடலையே.

– நான்தான் சொல்லாதேன்னேன். வீட்டுக்காரர்கிட்ட பக்குவமா பேசி முடிச்சிட்டு நானே வந்து உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.

– என் தங்கமே. அப்ப எல்லாம் நல்லபடியாத்தானே இருக்கு? எதுக்கு இவ்வளவு கோவம்?

– அந்த பிளானை அவனும் பார்த்தான் அண்ணா. நீ நெருக்கித்தான் நான் தலையாட்டினேன்னு நினைச்சுட்டான். மனசாரத்தான் தரேன்னு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துட்டேன், நம்ப மாட்டேங்கிறான். ஆபரேஷனே வேணாம்னு காலையில ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டான்.