கேட்பர் என்ற ஒற்றைச் சொல்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும் பிளம்ரிவர் வட்டப் பள்ளிக்குழுவின் தலைவர், பெருமதிப்பிற்குரிய வெர்னா ஆல்டிங்கர் அவர்களே! முன்வரிசையை முழுதாக நிரப்பியிருக்கும் மூத்தோரே! சோள அறுவடையின் நடுவே இயந்திரத்தை வயலிலேயே நிறுத்திவிட்டு, புழுதி படிந்த தொப்பியோடு வந்திருக்கும் உழவர் பெருமக்களே! சுவரோரம் மேசை போட்டு, இந்த மண்டபத்தையே காபி மணக்க வைத்திருக்கும் தாய்மார்களே! திருத்த வேண்டிய விடைத்தாள்களை மடியில் மறைத்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டும் என் சக ஆசிரியர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த மார்லிஸ் குபிசெக்கின் களைத்த வணக்கம்.

ஆம், களைத்த வணக்கம்தான். இருபத்தாறு ஆண்டுகளாக மில்ஃபோர்க் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் கற்பித்த களைப்பு. எந்த வகுப்புப் பிள்ளை எதைக் கற்றிருக்க வேண்டும் என்று நம் மாநிலம் எழுதிவைத்திருக்கும் பாடத்தர ஏட்டை ஏழாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறார்களே, சென்ற முறை அந்தக் குழுவில் பதினான்கு மாதங்கள் அமர்ந்த களைப்பு. வருகிற வசந்தத்தில் அடுத்த ஆய்வு தொடங்குகிறது. நம் வட்டத்திலிருந்து அந்தக் குழுவுக்கு இருவர் பெயரை அனுப்பத்தான் இன்று கூடியிருக்கிறோம். முதல் பெயர் என்னுடையதாம். "மேடையேறி 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க, மார்லிஸ்" என்றார் தலைவர். நான் 'முடியாது' என்று சொல்ல ஏறியிருக்கிறேன்.

முணுமுணுக்க வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள்.

அந்தக் குழுவில் நாங்கள் எதற்காகச் சண்டையிட்டோம் தெரியுமா? நாட்டுக்காகவா? நல்லாட்சிக்காகவா? இல்லை. வினைச்சொற்களுக்காக! 'அறிவர்' என்று எழுதுவதா, 'ஆராய்வர்' என்று எழுதுவதா என்று ஒரு முழுக் காலைப்பொழுது. 'விளக்குவர்' என்பதா, 'விவாதிப்பர்' என்பதா என்று ஒரு முழுப் பிற்பகல். பனியில் இருநூறு மைல் காரோட்டிப் போய், ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டுத் திரும்புவேன்; அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அந்தச் சொல் இருக்காது. யார் எடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சேர்த்தோம், சிதைந்தது. மீண்டும் சேர்த்தோம், மீண்டும் சிதைந்தது. பதினான்கு மாதங்கள், தோழர்களே!

அத்தனை மாதமும் நான் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு வரியை. 'மாணவர் தம் ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றுக்குச் சென்று கேள்வி கேட்பர்.' அவ்வளவுதான்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது மில்ஃபோர்க்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு, என் வகுப்பை ஊர்த் தண்ணீர்க் குழுவின் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். உறுப்பினர்கள் மூன்று பேர். பார்வையாளர்கள் வழக்கமாக யாருமில்லை. அன்று பத்தொன்பது பிள்ளைகள். என் மாணவி டெஸ்ஸா பிராண்ட்வோல்ட் எழுந்தாள். பதின்மூன்று வயது, பல்லில் கம்பி.

"நம்ம ரெண்டாம் நம்பர் கிணத்துத் தண்ணிய கடைசியா எப்போ சோதிச்சீங்க, சார்?"

மூன்று பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் காகிதங்களைப் புரட்டினார். இன்னொருவர், "நீ சொல்லுப்பா" என்று மூன்றாமவரைப் பார்த்தார். மூன்றாமவர் கூரையைப் பார்த்தார். சோதனையே நடக்கவில்லை! ஓராண்டுக்கு மேலாக யாரும் சோதிக்கவில்லை. மறுவாரமே சோதித்தார்கள். நைட்ரேட் அளவு மிஞ்சியிருந்தது. கைக்குழந்தைகளுக்கு ஆகாத தண்ணீர். மூன்றே வாரத்தில் அந்தக் கிணற்றை மூடினார்கள்.

கைதட்டுகிறீர்கள். நானும் அன்று கைதட்டினேன். வகுப்பில் கேக் வெட்டினோம். ஒரு குழந்தையின் கேள்வி ஓர் ஊரையே காப்பாற்றியது என்று மார்தட்டிக்கொண்டேன். கதை அத்தோடு முடிந்திருந்தால் இன்று நான் இவ்வளவு களைத்திருக்க மாட்டேன்.

அந்தக் கிணற்றிலிருந்து அரை மைலில் லோவல் டொலெஃப்சனின் பன்றிப் பண்ணை. ஆம், அவரேதான், கதவோரம் நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே. அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். கிணற்றின் மற்ற மூன்று பக்கமும் உரம் போட்ட சோளக் காடு. எருவிலிருந்தும் வரும், உரத்திலிருந்தும் வரும் அந்த நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று அன்றும் தெரியவில்லை. இன்றுவரை எந்த நிபுணராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஊருக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது!

ஒருநாள் பள்ளி விட்டதும் அவர் என் வகுப்பறைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

"டீச்சர், உங்க பிள்ளைங்க ஒரு கேள்வி கேட்டாங்க. ஊரு எனக்குத் தீர்ப்பு எழுதிருச்சு."

"அவங்க உங்க பேரையே சொல்லலையே, லோவல்."

"சொல்லல. நீங்களும் சொல்லல. யாருமே சொல்லல. ஆனா சர்ச்சுல என் பெஞ்சுல இப்ப யாரும் உக்கார்றதில்ல. என் பொண்டாட்டி கொண்டுபோற சாப்பாட்டுத் தட்டு கை படாம அப்படியே திரும்பி வருது."

"நான் என்ன செய்யணும்கிறீங்க?"

"ஒண்ணும் செய்ய வேணாம். தலைநகர்ல கூட்டம் இருக்காமே, யார் வேணா பேசலாமாமே? நானும் வர்றேன். பசங்கள கேள்வி கேக்க அனுப்புற அந்த வரிய எடுக்கச் சொல்லப் போறேன்."

போய்விட்டார். நான் என்ன செய்தேன்? அவர் பின்னால் ஓடினேனா? மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேனா? இல்லை. வீட்டுக்குப் போய், என் உரையில் ஒரு பக்கம் கூடுதலாக எழுதினேன். எழுதத் தெரிந்தவர்களின் கோழைத்தனம் அது.

தலைநகரில் அந்தப் பொது விசாரணை காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. ஏட்டை இறுதியாக முடிவு செய்யும் மாநிலக் கல்வி வாரியத்தார் ஒன்பது பேர் உயரத்தில் அமர்ந்திருந்தார்கள். பேச வந்தவர்கள் எழுபதுக்கும் மேல். எனக்கு அறுபத்தோராம் எண். வரிசையில் எனக்குப் பின்னால் நின்று பெயர் கொடுத்த டொலெஃப்சனுக்கு அறுபத்திரண்டு. என் முறை வந்தபோது மணி மூன்று. ஆளுக்கு மூன்று நிமிடம். எதிரே ஒரு சிறு விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எரிந்தால் மணி அடிக்கும்.

நான் என்ன செய்தேன்? அவைத் தலைவருக்கு வணக்கம், ஆன்றோருக்கு வணக்கம், அன்னையருக்கு வணக்கம் என்று ஒரு நிமிடத்தைத் தின்றுவிட்டேன். சிரிக்கிறீர்கள்! இன்றும் அதையேதான் செய்தேன், திருந்தவில்லை. வாரியத்தார் ஒருவர் கைபேசியில் இருந்தார். ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுது. அடுத்தவர்."

"இன்னும் ஒரே ஒரு பக்கம்தாங்க."

"அறுபத்தோராம் எண், உட்காருங்க."

திரும்பினேன். பின்னால் டொலெஃப்சன். கையை நீட்டினார்.

"அதக் குடுங்க."

"எத?"

"மிச்சத்த."

கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"என் பேரு லோவல் டொலெஃப்சன். மில்ஃபோர்க். பன்னி வளர்க்கிறேன். இந்தம்மா சொல்ற எதையும் நான் ஒத்துக்கல. ஆனா அவங்க இன்னும் முடிக்கல. அவங்களோடத வாசிச்சுடறேன். நேரம் மிஞ்சுனா என்னோடதப் பேசுறேன்."

"அது உங்க நேரம். என்ன வேணா பண்ணிக்கங்க" என்றார் வாரியத் தலைவர்.

டொலெஃப்சன் வாசிக்கத் தொடங்கினார். விதை மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதை வாசிப்பதுபோல, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் வாசித்தார். இரண்டாம் பத்திக்கு வந்தார். அங்கே இப்படி எழுதியிருந்தேன்:

'எங்கள் ஊரில் ஒரு குழந்தை ஒரு நல்ல கேள்வி கேட்டது. பதில் வருமுன்பே ஊர் ஒரு மனிதரைக் குற்றவாளி ஆக்கியது.'

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டார். விளக்கு மட்டும் பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது.

'அவர் வீடு என் வகுப்பறையிலிருந்து ஆறு மைல். என் மாணவர்களை நான் அவரிடம் அழைத்துச் செல்லவில்லை. அது மாணவர் பிழை அன்று, ஆசிரியர் பிழை. ஆகவே ஐயா, அந்த வரியை நீக்காதீர்கள், நீட்டுங்கள். மாணவர் கேள்வி கேட்பர், பதிலையும் கேட்பர் என்று எழுதுங்கள்.'

ஆரஞ்சு உரித்தவரின் கை நின்றுவிட்டது. மஞ்சள் எரிந்தது. டொலெஃப்சன் என் கடைசி வரியை, என் பெயரை, என் ஊரை, நான் சொல்லியிருந்த நன்றியைக்கூட விடாமல் வாசித்தார். சிவப்பு எரிந்தது. மணி அடித்தது. அவருடைய சொந்தப் பேச்சு சட்டைப் பையில் நான்காக மடித்தபடியே இருந்தது. அதை அவர் எடுக்கவேயில்லை.

வென்றோமா? இல்லை. அடுத்த மாதம் வாரியத்தின் வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றோம். ஏட்டில் இன்று இருக்கும் வரி என்ன தெரியுமா? 'பொதுக்கூட்டங்கள் நடைபெறுகின்றன என்பதை மாணவர் அறிவர்.' அறிவர்! மழை பெய்யும் என்பதை அறிவர், மாடு புல் தின்னும் என்பதை அறிவர் என்பதுபோல! பதினான்கு மாத உழைப்பில் மிஞ்சியது அதுதான்.

ஆனால் விசாரணை நாளின் மாலையைச் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் சாப்பிட ஒரே ஒரு கடைதான் உண்டு. நான் போனபோது டொலெஃப்சன் ஏற்கெனவே அமர்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பக்கத்துல எழுதுனத ஏன் என்கிட்ட நேர்ல சொல்லல?"

"தைரியம் வரல, லோவல்."

"ஆறு மைலுக்கு வரல. இருநூறு மைல் தள்ளி, முகந்தெரியாத ஒம்பது பேருகிட்ட சொல்ல மட்டும் வந்துச்சாக்கும்?"

பதிலுக்கு நானும் ஒரு கேள்வியைத்தான் கேட்டேன், அன்பர்களே.

"நீங்க ஏன் வாசிச்சீங்க?" என்றேன்.

"ஒரு வருஷத்துக்கு மேலா என்னை யாரும் முழுசாப் பேச விடல. அந்த வேலைய நான் இன்னொருத்தருக்குச் செய்ய மாட்டேன்."

"அப்போ அந்த வரிக்கு இப்ப நீங்க ஆதரவா?"

"யார் சொன்னா? இப்பவும் எதிர்ப்புதான். அந்த உப்ப இங்க தள்ளுங்க."

அடுத்த வியாழக்கிழமை, ஆறு மைல் போனேன். தனியாக அல்ல, அதற்குள் மேல்வகுப்புக்குப் போய்விட்ட அதே பத்தொன்பது பிள்ளைகளோடு. அவர் பண்ணையில், கவிழ்த்துப்போட்ட வாளிகளின் மேல் அமர்ந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "மூக்க மூடுனா காதும் மூடிக்குமா? மூடாதுல்ல? அப்போ கேளுங்க" என்றார். எருவை எங்கே கொட்டுகிறார், எப்போது வயலுக்கு எடுக்கிறார், எதை ஒழுங்காகச் செய்தார், எதில் கவனக்குறைவாக இருந்தார் என்று ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னார். கவனக்குறைவையும் சொன்னார்! தண்ணீர்க் குழு தன் கவனக்குறைவைச் சொன்னதே இல்லை; அவர் யாரும் கேட்காமலே சொன்னார். கிளம்பும்போது டெஸ்ஸா அவர் முன்னால் போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"சார், நான் கேட்டது தப்பா?"

"கேட்டது தப்பில்ல கண்ணு. கேட்டுட்டு வீட்டுக்குப் போனதுதான் தப்பு."

பெரியோரே, தாய்மாரே! கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் நாடாக நாம் எப்போது ஆனோம்? கூச்சலிடக் கற்றுக்கொண்டோம், காத்திருக்கக் கற்றுக்கொண்டோமா? குற்றம் சாட்டக் கற்றுக்கொண்டோம்; குறுக்கிடாமல் இருக்கக் கற்றுக்கொண்டோமா? நம்மோடு ஒத்துப்போகாதவரின் மிச்சப் பக்கத்தைக் கையில் வாங்கி, நம்முடைய மூன்று நிமிடத்தைச் செலவழித்து, ஒரு சொல்லும் விடாமல் வாசிக்கும் மனம் எந்த ஏட்டின் எந்த வரியில் இருக்கிறது? எந்த வாரியம் அதை ஐந்துக்கு நான்கு என்று நீக்க முடியும்? ஏட்டில் இல்லாததைக் கற்பிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆண்டுதோறும் என் வகுப்பைப் பொதுக்கூட்டத்துக்கு அழைத்துச் செல்கிறேன், கேட்கிறார்கள், பதில் வரும்வரை இருக்கிறார்கள்.

ஆனாலும் வரி வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு மில்ஃபோர்க் பிள்ளைகளை யார் அழைத்துப் போவார்கள்? அதற்காக யாரேனும் மறுபடியும் அந்த நாற்காலியில் அமர்ந்து, ஒரு சொல்லுக்காக ஒரு காலையை இழக்கத்தான் வேண்டும். நான் இல்லை. என் முழங்காலும் முடியாது என்கிறது, மனமும் முடியாது என்கிறது. பெயர் சொல்லுங்கள். யார் வருகிறீர்கள்?

காபிக் கோப்பைக்குள் என்ன தேடுகிறீர்கள்?

கதவோரம் ஒரு கை தெரிகிறதே. லோவல், நீங்களா? தொப்பியைச் சரிசெய்யத் தூக்கிய கையா, உண்மையாகவே தூக்கிய கையா?

"உண்மையாத்தான் தூக்குனேன். எழுதிக்கங்க. ஆனா போயி எதிர்ப்பாத்தான் பேசுவேன்!"

சிரிக்காதீர்கள், கேலி இல்லை இது. தலைவர் அவர்களே, எழுதுங்கள்: லோவல் டொலெஃப்சன், மில்ஃபோர்க். இந்த வட்டத்தில் நான் முழு மனத்தோடு முன்மொழியும் பெயர் இது ஒன்றுதான். அவர் என் வரியை எதிர்ப்பார். ஆனால் எவர் பேச்சையும் பாதியில் வெட்ட மாட்டார்.

நடுவரிசையிலிருந்து யாரோ கேட்கிறார்கள்: "அப்போ அங்க அவருக்குப் பதில் சொல்லப் போறது யாரு, டீச்சர்?" நல்ல கேள்வி. இரண்டாம் இடம் இன்னும் காலியாக இருக்கிறது, எழுதுகோல் தலைவர் கையில் இருக்கிறது. பதில் கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு நான் உட்காருகிறேன். இவ்வளவு நேரம் குறுக்கே மணியடிக்காமல் இருந்த தலைவருக்கும், விழித்திருந்து கேட்டவர்களுக்கும், கண்மூடிக் கேட்டவர்களுக்கும் இந்த ஆசிரியையின் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.