கரகரத்த குரல்ல ஒரு உத்தரவு

...அதெப்படி சார் நியாயமாகும்? சைரன ஊதினது சைரன்காரரு, மெமோ எங்க வீட்டுக்காரருக்கா? ஷட்டர் ரூம் அவரு பொறுப்பாம்! உக்காருங்க சார். அந்த நாற்காலி ஆடும், செவுத்துல சாய்ஞ்ச மாதிரி உக்காருங்க. விசாரிக்கன்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணி குடுக்கலாம்னா குழாயில காத்துதான் வருது. ஜன்னலத் தொறந்தா இத்தாம் பெரிய அணை, குவார்ட்டர்ஸுக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. சிரிக்காதீங்க சார்!

அவரக் கேட்டா பேசவே மாட்டாரு. பதினெட்டு வருஷமா ஷட்டர் தொறக்கற மனுஷனுக்கு வாயத் தொறக்கத் தெரியல! இப்படியே இருந்தா வேற ஊருக்குத் தூக்கி அடிச்சுடுவாங்க. பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சை சார்.

அன்னிக்கு அப்படி என்ன ஆகிப்போச்சு? தண்ணி விடறதுக்கு முன்னால ஊதற சைரன் சும்மா ஊதிடுச்சு. ஆத்துல குளிச்சவங்கல்லாம் அடிச்சுப் புடிச்சு அக்கரைக்கு ஓடி, சரணாலயத்து வேலியத் தாண்டிக் குதிச்சுட்டாங்க. ஈரத்துண்டோட ஒருத்தரு மரத்து மேலயே ஏறிட்டாரு! மானெல்லாம் வரிசையா நின்னு வேடிக்கை பாத்துச்சாம். என்னிக்கும் நாமதான டிக்கெட் வாங்கி அதப் பாக்கறோம்? ஒரு நாளு அது பாக்கட்டுமே... சைரன்காரரு ஷட்டரையும் தொறக்கறதுக்குள்ள ஓடிப் போய் நிறுத்தினது இவருதான் சார். அத மட்டும் யாரும் எழுத மாட்டேங்கறாங்க.

அந்த சைரன்காரரு சொல்றதக் கேளுங்க. ஷட்டர் ரூம் ஃபோன்ல எஞ்சினீயரம்மா உத்தரவு போட்டாங்களாம். அந்தம்மா அன்னிக்கு லீவு! கரகரன்னு ஒரு குரலு, "இன்னும் என்ன பண்றீங்க, தண்ணிய ஒடனே தொறந்து விடுங்க"ன்னு அதட்டுச்சாம். பொய்யி! எஞ்சினீயரம்மா குரலு கிளி மாதிரி இருக்கும். அன்னிக்குக் கரகரன்னு இருந்தது என் தொண்டைதான், சளி புடிச்சு. நானும்தான் ஷட்டர் ரூமுக்கு ஃபோன் போட்டேன், எங்க தெரு டேங்க் வால்வத் தொறக்கச் சொல்லி. இவருதான் எடுத்தாருன்னு நெனச்சு நல்லா ஒரு அதட்டு...

அய்யய்யோ.

அப்போ... ஃபோன எடுத்தது அவரு இல்லியா?

அதான் இந்த மனுஷன் வாயத் தொறக்கலியா! நாலு நாளா என் மூஞ்சியப் பாத்துப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சாரே...

என்ன சார் எழுதறீங்க? எழுதுங்க, எழுதுங்க. என் தொண்டைய எழுதுங்க, அந்தக் குழாயையும் சேத்து எழுதுங்க. அவரு பேர மட்டும் அடிச்சுடுங்க. சார்? கெளம்பிட்டீங்களா? சார், வாசல் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போறீங்களே... அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா? அதையாவது சொல்லிட்டுப் போங்க சார்!