காலி அறைக்கு ஒலி அளந்தவர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கு எரியட்டும்... சொல்பவனுக்கும் முதுகு சில்லிடும்.

இது ராத்திரியில் நடந்ததில்லை. மத்தியானம் மூன்று மணி. கிடங்குகள் பூட்டிக் கிடந்த நீளச் சாலை. நாய்கூட நிழல் தேடிப் போய்விட்டது. என் நண்பனின் பெரியப்பா மட்டும் கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டு வேகு வேகென்று வீட்டுக்கு நடந்தார். கூட்டங்களுக்கு மைக் கட்டுவது தொழில். குடும்பத்தில் அவர் பெயரே 'மைக்செட்'.

மனைவி போய் மூன்று மாதம். அப்பா தனியாக இருக்கிறாரே என்று, கேட்டதற்குப் பதில் பேசும் சின்னக் கருவி ஒன்றை மகள் வாங்கி வைத்திருந்தாள். மணி சொல்லும், மழை சொல்லும். குரல்தான்... தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு.

"ஊருக்கெல்லாம் மைக் கட்டுறீங்க. வீட்டுல ஒருத்தி பேசுனா ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கேப்பா!" என்று மகள் போனில் சிரித்தாள். மைக்செட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது.

மனைவியின் அறையில் ஏற்கெனவே ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் இருந்தது. பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோனவளுக்குப் பாட்டு கேட்க வாங்கியது. அவள் கூப்பிடுவதற்கு எவர்சில்வர் டம்ளர். கட்டில் கம்பியில் இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் பக்கத்தில் வா.

கடைசி நாளன்று எத்தனை தட்டினாள் என்று அவருக்குத் தெரியாது. கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பழுதான மைக்கில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது. ரொம்ப அமைதியாக...

அன்று கொண்டுவந்த ஒயரால், கருவியையும் ஸ்பீக்கரையும் அந்த அறையிலேயே இணைத்தார். குரல் கணீரென்று வந்தது. அறைக்குத் தகுந்தபடி ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் அந்த ஸ்பீக்கரில் உண்டு. அதையும் விடுவானேன் என்று அழுத்தினார்.

"அளக்கப் போகிறேன். எல்லோரும் வெளியேறவும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே 'டுப்... டுப்...' பிறகு அதே கணீர்க் குரல். "அறையில் ஒருவர் இருக்கிறார்."

"என் தொப்பை இன்னும் உள்ள நிக்குது போல" என்று தனக்குத்தானே சொல்லி, நாலடி தள்ளி நின்றார். மறுபடியும் அதே. மூன்றாம் தடவை தெருவாசலுக்கே போனார். செருப்பு மாட்டிக்கொண்டு.

"ஒருவர் இருக்கிறார்... சரி. அவருக்கேற்ப அமைக்கிறேன்."

மைக்செட்டின் சிரிப்பு நின்றது.

"முடிந்தது. கேட்பவர் ஒருவர். படுத்த நிலை."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கட்டிலைப் போன மாதமே கொடுத்தாயிற்று. தரையில் நான்கு கால்களின் துருத்தடம். அவளுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை, இப்போதுதான் தேய்த்ததுபோல்.

டிங்... டிங்.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. கட்டிலின் தலைமாடு இருந்த இடத்திலிருந்து, இடுப்புயரத்தில், வெறுங்காற்றிலிருந்து வந்தது. மின் இணைப்பைப் பிடுங்கினார். டிங்... டிங்.

"இதோ வந்துட்டேன்... வந்துட்டேன்மா!"

சமையலறைக்கு ஓடினார். பாதி சிந்தித் தண்ணீர் கொண்டுவந்தார். அவளுடைய அதே டம்ளரில். டம்ளர் அவர் கையில் இருக்கும்போதே... டிங், டிங்.

ஸ்பீக்கரை மகள் எடுத்துப் போய்விட்டாள். மைக்செட் அதன்பிறகு ஹெட்போனைத் தொடவில்லை. தினமும் மூன்று மணிக்கு அந்த நாலு தடங்களுக்கு நடுவில் தண்ணீர் வைக்கிறார். மறுநாள் பார்த்தால் விளிம்பு வரை அப்படியே இருக்கும். ஒரு சொட்டு குறைந்ததில்லை.

போன வாரத்திலிருந்து தட்டல் மாறிவிட்டதாம். இப்போது மூன்று.

தடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்கிறாராம். "பக்கத்துலதானேம்மா நிக்கிறேன்... இன்னும் எங்க வர?"

டிங்... டிங்... டிங்.