கண்ணாடி போட்ட மழைச் சாமி

மணிமொழி: ...ஒரே ஒரு நாள் விடுப்பா. நாளைக்கு எங்க காலேஜ் மேடம் வந்து பாத்து மார்க் போட்டுட்டுப் போயிடட்டும். அப்புறம் நானே சுண்ணாம்பு அடிச்சுத் தரேன்.

மூர்த்தி: நாளைக்கா? இன்னைக்கு சாயங்காலமே கிரிவலத்துக்கு ஜனம் வந்துடும்மா. உங்க பெரியப்பா போன்ல இன்னா சொன்னாரு தெரியுமா? 'மூர்த்தி, உம் பொண்ணு ரோட்டுப் பக்கம் சுவத்துல ஒரு பூதம் வரைஞ்சு வெச்சிருக்காமே, கண்ணாடி போட்டுக்கினு... பௌர்ணமி கூட்டம் வர்றதுக்குள்ள அது இருக்கக் கூடாது'ன்னாரு.

மணிமொழி: அது பூதம் இல்ல. அது கண்ணாடியும் இல்ல.

மூர்த்தி: பின்ன இன்னா? ரெண்டு கண்ணையும் சுத்தி வளையம் போட்டிருக்க. எங்க கணக்கு வாத்தியார் அச்சு அசல் இப்படித்தான் இருப்பாரு. கோரைப்பல் மட்டும்தான் இல்ல.

மணிமொழி: அவரு மழைச் சாமிப்பா. பேரு ட்லாலோக். மெக்சிகோவுல அந்தக் காலத்துல அஸ்டெக் ஜனங்க கும்பிட்டது. அந்த வளையம்தான் அவருக்கு அடையாளம். பிள்ளையாருக்குத் தும்பிக்கை மாதிரி. சில சிலையில பாத்தா அது வளையம் கூட இல்ல, பாம்பு. கண்ணைச் சுத்திக்கினு இருக்கும்.

மூர்த்தி: கண்ணுக்கா? நம்மாளு கழுத்தோட நிறுத்திக்கினாரு.

மணிமொழி: சிரிக்காதப்பா... நான் அழுவுற மாதிரி இருக்கேன், நீ சிரிக்கிற.

மூர்த்தி: நான் எங்க சிரிச்சேன்? சுண்ணாம்பு கலக்கிக்கினு இருக்கேன். சரி, சொல்லு. இவரை எங்க புடிச்ச?

மணிமொழி: எங்க உலக வரலாறு பாடத்துல ரெண்டே பக்கம்ப்பா. எகிப்துக்கு இருபது பக்கம், ரோமுக்கு முப்பது. இவங்களுக்கு ரெண்டு. அதுல தீப்பெட்டி அளவு ஒரு போட்டோ. அதைப் பாத்ததுல இருந்து... எப்படிச் சொல்றது... தூரத்துச் சொந்தக்காரங்க கல்யாண ஆல்பத்துல நம்ம மூஞ்சியே இருந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. புது வீடு கட்டுறவங்க திருஷ்டிக்கு ஒரு பொம்மை தொங்க விடுறாங்களே, அதே உருட்டுக் கண்ணு, வெளிய நீட்டுன பல்லு... அவங்க நம்மளப் பாத்ததே இல்லப்பா. நடுவுல எவ்ளோ பெரிய கடல்.

மூர்த்தி: அதுக்கு நம்ம சுவருதான் கெடைச்சுதா?

மணிமொழி: ஊருன்னு சொல்றதுக்கு அவங்க பாஷையில இன்னா வார்த்தை தெரியுமா? தண்ணி, மலை, ரெண்டையும் சேத்துச் சொன்னா அதான் ஊரு. மலைக்குள்ள பூரா தண்ணி ரொம்பிக் கெடக்குது, பானையில இருக்குற மாதிரின்னு நெனச்சாங்க. அதைப் படிச்சுட்டு ஜன்னலைத் திறந்து பாத்தேன். மலை இருக்கு. கீழ ஏரி இருக்கு. எனக்குச் சிலுத்துப் போச்சுப்பா. அன்னைக்கே முடிவு பண்ணேன், அந்த ரோட்டுச் சுவத்துலதான் வரையணும்னு. ரோட்டுல நின்னு பாத்தாதான் அவரு தலைக்கு மேல மலை தெரியும்.

மூர்த்தி: நம்ம அண்ணாமலை நெருப்பு மலையாச்சேம்மா.

மணிமொழி: அதான் எதிர்ல மழையை வெச்சேன். ஊரு கொஞ்சம் குளுரட்டுமேன்னு.

ஆதிலட்சுமி: இன்னாங்க, விடிஞ்சதுல இருந்து கொல்லையில அந்த ஒரு பக்கெட்டையே கலக்கிக்கினு இருக்கீங்க? அது இன்னா பாயசமா?

மூர்த்தி: கட்டி தட்டுதுடி. உன் கடையில யாரு நிக்கிறாங்க?

ஆதிலட்சுமி: பஜ்ஜிக்கு மாவு கரைச்சு வெச்சுட்டு வந்தேன். மணி, மொளகா கீறித் தரேன்னியே, எங்க?

மணிமொழி: அந்த மொளகாவும் அவங்க கொடுத்ததுதாம்மா.

ஆதிலட்சுமி: யாரு? காய்கறிக்கடை திருமலையா?

மணிமொழி: மெக்சிகோக்காரங்க. மொளகா, தக்காளி, மக்காச்சோளம், பப்பாளி, சாமிக்குப் போடுற செண்டுமல்லி... எல்லாம் அந்தப் பக்கத்துல இருந்து கப்பல்ல வந்தது.

ஆதிலட்சுமி: போடி. மொளகா நம்மளது இல்லயா? அப்ப அதுக்கு முன்ன காரக்கொழம்புக்கு இன்னா போட்டாங்க?

மணிமொழி: மொளகு.

ஆதிலட்சுமி: ...தக்காளியும் கெடையாதா? ரசத்துக்கு?

மணிமொழி: வெறும் புளிதான்.

ஆதிலட்சுமி: அய்யோ பாவம். இன்னாங்க, இவ்ளோ கொடுத்தவங்க சாமிக்கா சுண்ணாம்பு அடிக்கப் போறீங்க?

மூர்த்தி: நானா அடிக்கிறேன்? எங்கண்ணன் சொல்றாரு. அந்தச் சுவரு ரெண்டு பேருக்கும் பொது. அதுவும் இல்லாம அவரு போன்ல தேடிப் பாத்திருக்காரு. அந்த ஜனங்க நரபலி கொடுத்தவங்களாம். சின்னப் புள்ளைங்களையே கொடுத்தாங்களாமே, இதே சாமிக்கு? நெசமா மணி?

மணிமொழி: ...நெசம்தான்.

ஆதிலட்சுமி: அய்யய்ய.

மணிமொழி: நான் இல்லன்னு சொல்லலம்மா. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ஒரு வாரம் தொடவே இல்ல. அப்புறம்... அதே ஜனங்க கவிதைக்கு ஒரு பேரு வெச்சிருந்தாங்க. பூவும் பாட்டும்னு. அவ்ளோதான், பூவும் பாட்டும் சேந்தா கவிதை. இதைச் சொன்னவங்களும் அதைச் செஞ்சவங்களும் ஒரே ஆளுங்கதான். ஒண்ணை மட்டும் வெச்சுக்கினு இன்னொண்ணை அழிச்சா எப்படி? பெரியப்பா அந்த ஒண்ணை மட்டும் படிச்சுட்டு அழின்றாரு.

மூர்த்தி: அவரு ஒரு வார்த்தை சொன்னா...

மணிமொழி: சொன்னா இன்னா? உனக்கு உங்க அண்ணன்கிட்ட 'முடியாதுண்ணா'ன்னு ஒரே ஒரு தடவை சொல்ல வாயே வராதாப்பா? இதுவே வேற யாராவது சொல்லியிருந்தா விட்டிருப்பியா?

மூர்த்தி: சுண்ணாம்பு கெட்டியா இருக்கு. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தணும்.

ஆதிலட்சுமி: விடுடி. அப்பா, அம்மா இல்லாத வீட்டுல அவருதான் இவரைத் தூக்கி வளத்தாரு. நான் போறேன், அடுப்புல எண்ணெய் இருக்கு.

மணிமொழி: அடிச்சுடுப்பா. நான் உள்ள போறேன். என்னால பாக்க முடியாது.

மூர்த்தி: இரும்மா. இந்தப் பிரஷ் வேற மொடமொடன்னு இருக்கு. கொஞ்சம் ஊறட்டும்.

மணிமொழி: இன்னும் எவ்ளோ நேரம்ப்பா ஊற வெப்ப?

ஆதிலட்சுமி: ஏங்க... ஏங்க, சீக்கிரம் வாங்க. மணி, நீயும் வா. சுவத்தாண்ட ஒரு குடும்பமே நிக்குது.

மணிமொழி: எதுக்கு? அடிக்கவா?

ஆதிலட்சுமி: கும்பிடுறாங்கடி. கற்பூரம் ஏத்தி, தேங்கா ஒடச்சுட்டாங்க. யாரோ காத்தாலயே அவரு நெத்தியில குங்குமம் வெச்சிருக்காங்க. நெத்திக் கண்ணு மாதிரி வெச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டு இவங்க செருப்பைக் கழட்டிட்டாங்க. இது இன்னா சாமிம்மான்னு என்னைக் கேட்டாங்க.

மணிமொழி: நீ இன்னா சொன்ன?

ஆதிலட்சுமி: மலையைக் காவல் காக்குற பூதகணம்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது? எண்ணெய் காயுது எனக்கு.

மூர்த்தி: அப்படியா... கற்பூரமே ஏத்திட்டாங்களா. அடடா. இப்ப எப்படி சுண்ணாம்பு அடிக்கிறது? மணி, என் போனைக் கொடு. ...ண்ணா, நான்தாண்ணா. இல்லண்ணா, இன்னும் அடிக்கல. அடிக்கலாம்னு பிரஷ்ஷை எடுக்குறேன், ஜனம் தேங்கா ஒடைக்குதுண்ணா. ஆமாண்ணா, குங்குமம் எல்லாம் வெச்சுட்டாங்க. நீங்க சொன்னா இப்பவே அடிச்சுடுறேன்... இல்லண்ணா, நான் எதுவும் சொல்லல. நீங்க சொல்லுங்க. ...சரிண்ணா. சரி. தொட மாட்டேண்ணா. வெக்கிறேன்.

ஆதிலட்சுமி: இன்னாவாம்?

மூர்த்தி: கும்பிட்ட சாமி மேல கை வெக்காதன்னாரு. கொரலே எறங்கிப் போச்சு அவருக்கு.

ஆதிலட்சுமி: தப்பிச்சான்டி உன் மழைச் சாமி. இன்னாடி, மூஞ்சியை அப்படி வெச்சுக்கினு இருக்க?

மணிமொழி: இது சரியில்லம்மா.

ஆதிலட்சுமி: எதுடி சரியில்ல?

மணிமொழி: அவரு பூதகணம் இல்லயே. அவருக்குப் பேரு இருக்கு, ஊரு இருக்கு. அவங்க நாட்டுக்குள்ள பூந்தவங்க அவங்க கோயிலை எல்லாம் இடிச்சு, புத்தகத்தை எல்லாம் எரிச்சு, எது இன்னா பேருன்னே தெரியாம ஆக்கினாங்க. இத்தனை காலம் கழிச்சு, இவ்ளோ தூரம் கொண்டாந்து, நானும் பேரை அழிச்சு வேற பேரு வெக்கிறதா? அதுக்கு அப்பா சுண்ணாம்பே அடிச்சிருக்கலாம்.

மூர்த்தி: உண்மையைச் சொன்னா ஜனம் கும்பிடாது. கும்பிடலன்னா உங்க பெரியப்பா மறுபடியும் போன் பண்ணுவாரு. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.

மணிமொழி: தெரியும்.

மூர்த்தி: தெரிஞ்சுமா?

மணிமொழி: ஆமா. எழுதிடுறேன். அழிக்கிறதா இருந்தா அவரு பேரோட அழியட்டும்.

ஆதிலட்சுமி: பைத்தியக்காரி. தானா வந்த அதிர்ஷ்டத்தை எட்டி ஒதைக்குது பாரு. நீங்களாவது சொல்லுங்க.

மூர்த்தி: ...சின்ன பிரஷ் வேணுமா? கறுப்பு பெயிண்டு பரண் மேல இருக்கு.

ஆதிலட்சுமி: நல்ல அப்பா, நல்ல பொண்ணு.

மூர்த்தி: இன்னான்னு எழுதப் போற?

மணிமொழி: 'இவர் ட்லாலோக். மெக்சிகோ நாட்டுப் பழைய மக்களின் மழைச் சாமி.' அவ்ளோதான்.

மூர்த்தி: கீழ உன் பேரையும் போடு. 'வரைந்தது மணிமொழி, அடி அண்ணாமலை.' நல்லா பெருசா போடு.

*

ஆதிலட்சுமி: மணி... மணி, எங்கடி இருக்க? கூட்டத்துல ஒரு ஆளைக் கண்டுபுடிக்க முடியல. இன்னாங்க, அவ எங்க?

மூர்த்தி: அதோ, சுவத்துக்கு எதிர்ப் பக்கம் நிக்கிறா. கிட்ட போவ பயம். யாரு படிக்கிறாங்கன்னு தூரத்துல இருந்து எட்டி எட்டிப் பாக்குறா.

மணிமொழி: படிக்கிறாங்கப்பா. படிச்சுட்டு ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியைப் பாத்துக்குறாங்க. ரெண்டு பேரு செருப்பை மாட்டிக்கினு போயிட்டாங்க.

ஆதிலட்சுமி: ரெண்டு பேரு போனா போறாங்க. நான் கடையில இருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். செஞ்சிப் பக்கத்துக்கார அம்மா ஒண்ணு, எழுத்துக் கூட்டிப் படிச்சுது. 'எந்த ஊரு சாமியா இருந்தா இன்னா, மழைதான கொடுக்குது? எங்க ஏரி ரொம்பி எத்தினியோ வருஷம் ஆச்சு'ன்னு சொல்லிட்டு, கைப்பையில இருந்து சோளக்கதிரை எடுத்து அவரு காலாண்ட வெச்சுட்டுப் போச்சு.

மணிமொழி: இன்னாது? இன்னா வெச்சாங்க?

ஆதிலட்சுமி: மக்காச்சோளம்டி. வழியில வேக வெச்சு விக்கிறாங்களே, அது. எதுக்குடி இப்ப கண்ணு கலங்குற?

மணிமொழி: அவங்க ஊரு சாப்பாடும்மா அது. அந்த ஜனங்க மக்காச்சோளத்தை 'நம்ம சதை'ன்னே சொல்லுவாங்க. யாருமே சொல்லல அந்த அம்மாக்கு... தானா எடுத்து வெச்சிருக்காங்க.

மூர்த்தி: இரு, போன் அடிக்குது. உங்க பெரியப்பா. ...ண்ணா. ஆமாண்ணா, எழுதிட்டா. அவதான் எழுதுனா. பொய் சொல்ல மாட்டேன்றாண்ணா, இன்னா பண்றது... ஆமா, மழைச் சாமிதான். ...அது எனக்கு எப்படிண்ணா தெரியும், அவளையே கேளுங்க. சரி, கேட்டுச் சொல்றேன்.

மணிமொழி: அழிக்கச் சொல்றாரா?

மூர்த்தி: அவரு இருக்குற வேங்கிக்கால்ல இருந்து கூட்டம் வந்து பாத்துட்டுப் போய் அவருகிட்ட சொல்லியிருக்கு. அவரு கழனியில மல்லாட்டைச் செடி எல்லாம் மழை இல்லாம காயுதாம். மோட்டார் கொட்டாய் சுவத்துல இதே மாதிரி ஒண்ணு, சின்னதா, வரைஞ்சு தருவியான்னு கேக்குறாரு. நரபலி மட்டும் வேணாமாம்.

ஆதிலட்சுமி: சிரிக்காதீங்க, எனக்கு வயிறு வலிக்குது. சரி, நாளைக்கு உங்க மேடம் வர்றாங்களே, டிபனுக்கு இன்னா செய்யட்டும்? பொங்கலா, இட்லியா?

மணிமொழி: எதுவும் வேணாம்மா.

ஆதிலட்சுமி: ஏன்டி?

மணிமொழி: மேடம் வரலம்மா. மார்க் எல்லாம் போன மாசமே போட்டுட்டாங்க. நான்தான் சும்மா சொன்னேன். சுவத்துல உண்மையை எழுதிட்டு, உங்ககிட்ட பொய் சொல்லிக்கினு நிக்க முடியல.

ஆதிலட்சுமி: அடிப்பாவி.

மணிமொழி: மார்க்குன்னாதான் விடுவீங்க. எனக்கு இது புடிச்சிருக்கு, தினமும் காலேஜ் போறப்ப இதைப் பாத்துட்டுப் போவணும்னு சொன்னா யாரு விடுவாங்க?

மூர்த்தி: நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. எந்த மேடம் லீவு நாள்ல அடி அண்ணாமலைக்கு வந்து சுவரு பாக்கும்?

மணிமொழி: உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா, காலையில இருந்து எதுக்குப்பா அவ்ளோ நேரம் சுண்ணாம்பு கலக்குன?

ஆதிலட்சுமி: அதான் நானும் கேக்குறேன். மழைச் சாமி நெத்தியில குங்குமம் வெச்சது நான் இல்ல. நான் பால் வாங்கப் போறப்பவே அது இருந்துச்சு. இவ தூங்கிக்கினு இருந்தா.

மணிமொழி: அப்பா... ஏம்ப்பா தரையைப் பாக்குற?

மூர்த்தி: எங்கண்ணன்கிட்ட 'முடியாது'ன்னு சொல்ல எனக்கு இந்த ஜென்மத்துல வாய் வராதும்மா. அதான், உங்க மழைச் சாமியை விட்டுச் சொல்ல வெச்சேன்.