சீக்கிரம் முடியாத கித்தார்

“சீக்கிரமா முடியிற கித்தார் எனக்கு வேணாம்பா.”

ஞாயிறு மாலை, ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரியில், எனக்கு முன் இருக்கையில் இருந்த சிறுமி சொன்னாள். அவள் அப்பா கைப்பேசியில் இரண்டு கித்தார் செட்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். வாங்கி, வீட்டில் நாமே செய்துகொள்ளும் வகை.

“இது செனாங் லா, ரொம்ப சுலபம். கித்தாரோட பொட்டி முழுசா ஒட்டியே வருது. கழுத்த மாட்டி சாயம் அடிச்சா போதும், ஒரே வாரத்துல முடிஞ்சிரும்.”

“அதான் வேணாங்கிறேன். இன்னொண்ணு?”

“அதுல எல்லாம் தனித்தனிப் பலகை. ஒண்ண ஒட்டி, காஞ்ச பிறகுதான் அடுத்தது. நீ அப்பாகிட்ட வர்றதே சனி ஞாயிறுதானேம்மா?”

“ஆமா. ஒட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன். காஞ்சிருச்சான்னு அடுத்த வாரம் வந்து பாக்கணும்ல?”

அவர் முதல் செட்டைத் திரையிலிருந்து தள்ளினார். பிறகு பலகைகள் உள்ளதையே வாங்கினார்.

இறங்குமிடத்தில் அம்மா காத்திருந்தார். சிறுமி ஓடினாள்.

“அம்மா, நாங்க கித்தார் செய்யப்போறோம்! இந்த மழைக்குப் பசை சீக்கிரம் காயாதாம். வாரா வாரம் நான் போய்ப் பாக்கணுமாம். அப்பாதான் சொன்னாரு.”

அவர் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை.

அம்மா மகளின் பையை வாங்கிக்கொண்டு அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“அவசரமில்ல. நல்லா காயட்டும்.”